லாரிக்காரன் வீடு வந்த இதழ்

என் வீட்டுக்காரர் சித்திரக்கதை விமர்சகர். கண் பார்வை போன பிறகும் பத்திரிகையில் எழுதுவதை விடவில்லை. புது இதழ் வந்ததும் நான் கட்டம் கட்டமாகப் படத்தைச் சொல்ல வேண்டும். வசனம் இல்லாத கட்டம் என்றால் படத்தைச் சொல்லிவிட்டு, அதைப் பார்த்து முடிக்க ஆகும் நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

அன்று வந்தது ஒரு லாரிக்காரன் கதையின் முடிவு இதழ். நோயோடு மகளைப் பார்க்கப் புறப்பட்டவன்.

"அவன் வீடு போய்ச் சேர்றானா இல்லையா, அதைச் சொல்லுடி முதல்ல," என்று படுக்கையிலிருந்தே நச்சரித்தார்.

முந்தின நாள்தான் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவர் உடம்புக்கு இனி மருந்து கேட்காது, சில வாரம்தான் என்றிருந்தார். இவரிடம், "எல்லாம் நல்லாத்தான் இருக்காம்," என்று சொல்லிவைத்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். வீட்டு வாசலில் லாரி. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து அவன் செத்துக் கிடக்கிறான். மகள் கதவைத் திறக்கிறாள். வசனமே இல்லை.

"இறங்கி ஓடுறான். மக வந்து கட்டிப்பிடிச்சுக்கிறா," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "எழுது. மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. முதல் இதழிலிருந்து இருமிக்கொண்டிருந்தவனை ஓவியர் பயந்துபோய்ப் பிழைக்க வைத்துவிட்டார். வாசகரை ஏமாற்றுகிற வேலை இது."

எனக்குப் பேனா ஓடவில்லை. எவனோ ராப்பகலாக வரைந்ததை என் பொய் நாறடிக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேனே, பாவி.

"இருங்க, நான் மாத்திச் சொல்லிட்டேன்," என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல் வாயை மூடினேன். அழுகை வந்துவிட்டது.

அவர் தடவித் தடவி என் கையைப் பிடித்தார். "இதை மட்டுந்தான் மாத்திச் சொன்னியா?"

நான் இதழை மூடி வைத்தேன்.

"ஏண்டி, அடுத்த மாச இதழுக்கு நான் இருப்பேனா?"

"மாட்டீங்க," என்றேன்.

கையை விடாமலே என் விரலிடுக்கில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"அந்த ஒண்ணை அடிச்சிட்டு அஞ்சுக்கு அஞ்சு போடு," என்றார். "வாசல் வரைக்கும் வந்துட்டான்ல."