கீழே எத்தனை பேர்

டென்மார்க்கின் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தைத் துகள் மோதல் சோதனையில் சேர்த்துக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூவாயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் அவர்கள் மொத்தமே நான்கு பேர். அவர்களில் பிர்த்தாவும் எபேயும் ஒரு வியாழக்கிழமை காலை, ஜெனீவாவுக்குப் பக்கத்தில், நூறு மீட்டர் ஆழத்தில் தங்கள் கேபிள்களைச் சரிபார்க்க இறங்கினார்கள்.

லிஃப்ட் கதவு மூடியதுமே பிர்த்தா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"என்ன, மூஞ்சி வெளுத்துப்போச்சு? இதுக்குத்தான் மூணு வருஷமா விண்ணப்பம் விண்ணப்பமா எழுதினியா?" என்று சீண்டினான் எபே.

"வாயை மூடிட்டு வா."

கீழே ஐந்து மாடி உயரத்துக்கு நின்றது, துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் கருவி. அதன் வயிற்றுக்குள், கடுங்குளிரில் திரவமாக்கிய ஆர்கான் வாயு. கசிந்தால் நிறமும் தெரியாது, வாசனையும் வராது. தரையோடு பரவி மூச்சுக்காற்றை விரட்டிவிடும். இரண்டே மூச்சில் ஆள் சுருண்டு விழுவார் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எபே கருவியின் மறுபுறம் போனான். பிர்த்தா குனிந்து மூன்றாவது கேபிளைத் தொட்டபோது அபாய மணி அலறியது.

இடுப்பிலிருந்த மூச்சுக் கவசப் பெட்டி லேசில் திறக்கவில்லை. ஒருவழியாக மாட்டிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி ஓடினாள். இரும்புப் படியில் முழங்கால் கிழிந்ததுகூடத் தெரியவில்லை.

மேலே ஒரு தீயணைப்பு வீரர் அவள் தோளைப் பிடித்தார். "கீழ எத்தனை பேரும்மா?"

"நான் மட்டுந்தான்."

சொன்ன பிறகுதான் எபே நினைவுக்கு வந்தான். "ஐயோ, இல்ல! இன்னொருத்தன் இருக்கான்! எபே!" என்று கத்தினாள்.

இரண்டு பேர் இறங்கினார்கள். பதினொரு நிமிடம் போனது. அவன் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கி, முடியாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

எபே எதிர்க் கட்டடத்திலிருந்து நடந்து வந்தான். மணி அலறியதுமே அந்தப் பக்கத்து லிஃப்ட்டில் அவன் மேலே வந்திருந்தான். கசிவும் சொற்பம்தான், மதியத்துக்குள் அடைத்துவிட்டார்கள்.

உணவகத்தில் இருவரின் காபியும் ஆறிப்போனது.

"கீழ எத்தனை பேருன்னு கேட்டப்போ, நான் மட்டுந்தான்னு சொல்லிட்டேன், எபே."

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அந்தப் பக்கம் என்கிட்ட கேட்டப்போ, நானும் அதையேதான் சொன்னேன். உன் நினைப்பே வரல. இந்தப் பக்கம் ஒருத்தி என் பேரைச் சொல்லிக் கத்துறான்னு அவங்க சொன்னப்பதான் வந்துச்சு."

திங்கட்கிழமை மறுபடி இறங்கினார்கள். இருவரும் ஒரே பக்கமாக, ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையாமல் வேலை பார்த்தார்கள். இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.