கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்

திரும்பி வரும் வழியில், இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது, கோல்மன் சைக்கிளை நிறுத்தினான். நிறுத்தினான் என்றுகூடச் சொல்ல முடியாது. மிதிக்க மிதிக்க அது தானாக நின்றுபோனது, அவன் காலை ஊன்றிக்கொண்டான். பின்னால் வந்த கிரான்யா கணவனின் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாய்ந்திருந்தது.

"மூச்சு வாங்கிக்கிறேன், அவ்வளவுதான்," என்றான்.

எல்லாம் அவள் செய்த வேலை. ஜனவரியில் அவனுக்கு மாரடைப்பு வந்ததிலிருந்து வீட்டில் பேச்செல்லாம் மாடுகளைப் பற்றித்தான். பதினெட்டுப் பசுக்கள். டப்ளினில் இருக்கும் மகன் வித்துத் தொலைங்க என்கிறான். டாக்டரும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார். கோல்மன் பேசுவதையே விட்டுவிட்டான். வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்தபடி ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் போன வாரம் அவளே சொன்னாள்: "பழைய ரயில் தடத்துல போய்ட்டு வருவோம். போக வர இருபது கிலோமீட்டர். நீ இறங்காம ஓட்டிட்டேன்னா மாடு இருக்கட்டும். முடியலைன்னா செவ்வாக்கிழமை சந்தைக்கு."

அவன் ஜெயிக்க வேண்டும் என்றுதான் அந்தத் தடத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஊரைச் சுற்றி மற்ற சாலையெல்லாம் மேடும் பள்ளமும். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், ரயில் போன இடம் சமமாகத்தானே இருக்கும்? போகும்போது அப்படித்தான் இருந்தது. மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோல்மன் சீட்டியடித்தான், பக்கத்து வயல் செம்மறிகளுக்கு மார்க் போட்டான், வாடகை சைக்கிள் கடைக்காரன் தனக்குப் பேட்டரி வண்டியை நீட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பழைய ஸ்டேஷனில் இருக்கும் டீக்கடையில் வெண்ணெய் தடவி இரண்டு ஸ்கோன் ரொட்டி தின்றான். கடல்காற்றுதான் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது என்றோ, அந்தக் காலத்து எஞ்சின்கள் முக்கி முனகி ஏறிய நீண்ட சரிவில்தான் இறங்கி வந்தோம் என்றோ இருவருக்கும் தோன்றவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதுகூடவா தெரியாது? கிரான்யாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மண்கரை. கார் நுழையாதபடி முனைகளில் கம்பம் நட்டிருக்கிறார்கள். போனில் சிக்னல் இல்லை. எதிரே வந்த ஒரு ஜோடி வேகத்தைக் குறைத்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டது.

"ஜோரா இருக்கோம். சும்மா வேடிக்கை பாக்குறோம்," என்றான் கோல்மன்.

அவர்கள் போய்விட்டார்கள். அடுத்து வந்த பெரியவரிடமும் அதையே சொன்னான். குரல் பாதிதான் வந்தது. இந்தப் பக்கத்து ஆண்கள் செத்தாலும் உதவி கேட்க மாட்டார்கள். அப்படிச் செத்தவர்கள் இரண்டு பேரை அவளுக்கே தெரியும்.

"நீ வாயத் தொறக்காத," என்றான் அவளிடம். "அஞ்சு நிமிஷம் குடு."

"உதடு நீலமா இருக்குடா."

"குளிரு."

மூன்றாவதாக ஓர் இளம்பெண் பேட்டரி சைக்கிளில் அவர்கள் போக வேண்டிய திசையிலேயே வந்தாள். வண்டியின் முன்னால் பெரிய மரப்பெட்டி, அதற்குள் ஒரு சின்னப் பெண் குழந்தை. கோல்மன் வாயைத் திறப்பதற்குள் கிரான்யா பாதை நடுவில் போய் நின்றாள்.

"அவருக்கு முடியலம்மா. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர். உதவி பண்ணுங்க."

கோல்மன் அவளைப் பார்த்தான். நாற்பது வருஷத்தில் அவளை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"மேல பழைய ரயில்வே கேட் பக்கத்துல சிக்னல் கெடைக்கும், ஆம்புலன்ஸ கூப்டுடலாம்," என்றபடி அந்த இளம்பெண் தன் குழந்தையைத் தூக்கிப் பின் இருக்கைக்கு மாற்றினாள். மறுக்கும் தெம்புகூட அவனிடம் இல்லை. இருவரும் தோளைப் பிடித்து அவனைப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். முழங்கால் முகவாயில் இடித்தது. காலடியில் ஒரு துணி முயல், பாதி கடித்த ஆப்பிள்.

"அவருக்கு பெல்ட் போடல," என்றது குழந்தை கறாராக. கிரான்யா குனிந்து மாட்டிவிட்டாள்.

"செவ்வாக்கிழமைக்கு லாரி சொல்லிரு," என்றான் கோல்மன், அவளைப் பார்க்காமல்.

"காத்து இல்லாத நாளா பாத்து இன்னொரு தடவை வருவோம். இது கணக்கே இல்ல."

"சொல்லிரு கிரான்யா."

பேட்டரி வண்டி சுளுவாக ஏறியது. அவள் உயிரைக் கொடுத்து மிதித்தும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. எதிரே ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. குழந்தைப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய ஆளைக் கண்டதும் பிறந்தநாள் கூத்து ஏதோ என்று நினைத்திருப்பார்கள். சிரித்தார்கள், மணியடித்தார்கள், ஒருத்தி போட்டோ எடுத்தாள். கோல்மனின் கை பெட்டிக்கு மேலே மெல்ல எழுந்து, அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆடிக்கொண்டே போனது.