ஊதி அணைக்காத கற்பூரம்

பிக்கரிங்கின் வடக்கிலிருந்து திரும்பி ரூஜ் ஆற்றுப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது இராஜேஸ்வரி கார்க் கண்ணாடியை இறக்கினாள். உடனே ஏற்றினாள். வெளியே புகை மணம். தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். அதிலும் புகை மணம். வடக்கே தொலைவில் எரியும் காடுகளின் புகை சில நாட்களாக ரொறன்ரோவை மூடிக் கிடந்தது.

“கஸ்பர், காரைத் திருப்பும்.”

“ஏனக்கா? போனை விட்டிட்டு வந்திட்டியளோ?”

“கற்பூரம் எரிஞ்சு நூந்ததோ எண்டு நான் பாக்கேல்லை.”

காலையில் அந்தக் கற்பூரத்தைப் பார்த்துச் சிரித்தவன் கஸ்பர். “மரத்தை அளக்கப் போறமோ, கலியாணம் பேசப் போறமோ?” என்று கேட்டிருந்தான். இப்போது அடுத்த சந்தியிலேயே காரைத் திருப்பினான்.

நட்டு வளர்த்த காடுகள் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகின்றன என்று அளப்பது அவர்கள் இருவருக்கும் வேலை. அன்று போன காடு தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வெறும் மணல். உழுது உழுது களைத்துப்போன நிலம். காற்றடித்தால் மணல் எழுந்து வேலிகளை மூடுமாம். அதில் செம்பைன் மரக் கன்றுகளைக் கையால், வரிசை வரிசையாக நட்டார்கள். வானிலிருந்து எடுத்த பழைய படங்களில் முதலில் புள்ளிகள் தெரியும், பிறகு கரும்பச்சைக் கட்டம் ஒன்று. அதற்குப் பிந்திய ஒவ்வொரு படத்திலும் கட்டத்தின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வீடுகளாகிவிட்டது. மிஞ்சிய காட்டின் கடைசி வரிசைக்குப் பின்னால் இப்போது பிள்ளைகளின் ஊஞ்சல்கள் நிற்கின்றன.

முதல் மரத்தை அளப்பதற்கு முன் அதன் அடியில் ஒரு கல்லில் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவது இராஜேஸ்வரியின் வழக்கம். நட்டவர்களின் பெயர் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கும்பிடு. எப்போதும் பனி உருகிய ஈரத்தில் போவார்கள். இந்த முறை கஸ்பரின் கால் முறிந்து, வேலை தள்ளிப்போய், சருகு நொறுங்கும் ஆடி மாதத்தில் போனார்கள். சுடர் எரிந்துகொண்டிருந்தபோதே அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. காற்று மோசம், வெளியே நிற்பவர்கள் எல்லோரும் உடனே திரும்ப வேண்டும். கற்பூரத்தை ஊதி அணைக்கக் கூடாது, அது தானாக எரிந்து முடிய வேண்டும் என்றே அவள் வளர்ந்தவள். எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“பயர் சேர்விசுக்குப் போன் அடியுங்கோ அக்கா.”

“ஒண்டுமில்லாட்டி?”

“ஒண்டுமில்லாட்டி நல்லதுதானே.”

“வேலை போகும் கஸ்பர்.”

“ஓம், போகலாம்.”

அவள் அந்த ஊஞ்சல்களை நினைத்தாள். போனை எடுத்து இலக்கங்களை அழுத்தினாள். புகையைப் பார்த்துப் பயந்து ஊரே அழைக்கிறது, ஆனாலும் வண்டி அனுப்புகிறோம் என்றது மறுமுனைக் குரல்.

காட்டோரம் வந்து இறங்கினார்கள். மரங்களுக்கிடையே சாம்பல் நிறப் புகை அசையாமல் நின்றது. வடக்கிலிருந்து வந்ததா, உள்ளிருந்து எழுந்ததா, தெரியவில்லை. இராஜேஸ்வரி வேலைக்குச் சேர்ந்த நாட்களில் வீதியில் நின்றாலே வரிசையின் மறுமுனை தெரியும். பிறகு பைன்களை இடையிடையே வெட்டி ஐதாக்கினார்கள். வெளிச்சம் இறங்கியது, யாரும் நடாத மேப்பிள்கள் முளைத்து வரிசைகளை மறைத்துவிட்டன. அவள் ஓடினாள். சருகு நெரிபடும் ஒவ்வொரு சத்தமும் நெருப்பு வெடிப்பதாகவே கேட்டது. கஸ்பர் நொண்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

“முருகா, அந்த வீடுகளுக்குக் கிட்டப் போகவிடாதை,” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

கற்பூரம் ஏற்றிய மரத்தடியில் ஒரு முதியவர் முழங்காலில் நின்று, தடியொன்றால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கறுப்பு நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியது. கல்லைச் சுற்றி மண் கறுத்து ஈரமாகக் கிடந்தது. கல்லிலிருந்து வேரோரமாக ஒரு முழ நீளத்துக்குச் சருகு கரிந்திருந்தது.

“மெதுவாக வாருங்கள்,” என்றார் அவர் ஆங்கிலத்தில். “இது மேலே எரியவில்லை. சருகுக்கு அடியால் ஊர்ந்து போகிறது. நாய்க்குக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிவிட்டேன். போதவில்லை.”

இராஜேஸ்வரி கல்லருகே உட்கார்ந்து புறங்கையால் மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் சுட்டது. கஸ்பர் கைகளால் தோண்டினான். சிவந்த கங்கு ஒன்று கண் விழித்தது போல் தெரிந்தது. அவள் தன் தண்ணீர்ப் போத்தலைச் சரித்தாள். சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. மூவரும் மீண்டும் தோண்டினார்கள், தொட்டார்கள். சூடு இருந்த இடமெல்லாம் மெல்லக் குளிர்ந்தது.

“நீங்கள் ஏன் போகாமல் நின்றீர்கள்?” என்று கேட்டாள்.

“கல்லைப் பார்த்ததும் யாரோ கும்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் திரும்பி வந்து எரிந்த காட்டைப் பார்க்கக் கூடாதே.” அவர் தன் பெயர் கிளிபோட் என்றார். கொப்புளித்திருந்த உள்ளங்கையை மடித்துக்கொண்டார்.

போத்தலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அவள் அதைத் தன் கையில் ஏந்தி நாய்க்கு நீட்டினாள். அது கடைசித் துளி வரைக்கும் நக்கியது.

“இப்பதான் அக்கா பூசை முடிஞ்சது,” என்றான் கஸ்பர்.

வீதியில் தீயணைப்பு வண்டியின் ஒலி கேட்டது. ஒலி அவர்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, நின்றது. மரங்களுக்குள் எங்கே பார்ப்பதென்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

“நான் போய்ச் சொல்லுறன். ஆரோ வழிப்போக்கர் சிகரெட்டைப் போட்டிட்டினம் எண்டால் முடிஞ்சுது,” என்று கஸ்பர் எழுந்தான்.

“வேண்டாம். உம்மட காலுக்கு ஏலாது. நானே கூட்டிக்கொண்டு வாறன்.” அவள் போத்தலை வைத்துவிட்டு எழுந்தாள். “நான்தான் கொளுத்தினனான் எண்டும் சொல்லப்போறன். அடியால போன நெருப்பு எவ்வளவு தூரம் போச்செண்டு அவையள் சரியாப் பாக்கோணும்.”

புகைக்குள் நடந்தாள். வரிசை தெரியாத இடத்தில் நின்று, “இங்கே, இந்தப் பக்கம்,” என்று உரக்கக் குரல் கொடுத்தாள்.