பதினான்கு நிமிடங்கள்

நித்யஸ்ரீ ஜாதக மென்பொருளில் தன் பெயரைத் தட்டியதும் திரையில் இரண்டு நித்யஸ்ரீக்கள் வந்து நின்றார்கள். இருவருமே பாலசுந்தரத்தின் மகள்கள், ஒரே நாளில் நாமக்கல்லில் பிறந்தவர்கள். ஒருத்தி அதிகாலை 5.38-க்கு. இன்னொருத்தி 5.52-க்கு.

"மறுபடியும் வந்துருச்சாக்கும்?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"வந்துருச்சுங்கப்பா. காலையில இருந்து மூணு தடவ அழிச்சேன். மூடித் திறந்தா வந்து நிக்குது."

பாலசுந்தரம் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்தார், மறுபடியும் வைத்துக்கொண்டார். பரமத்தி சாலையில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருபத்திரண்டு வருடமாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர் அவர். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அவர் சேர்த்துவைத்த ஜோடிகள் குழந்தை குட்டிகளோடு இருக்கிறார்கள். சொந்த மகளுக்கு முப்பத்தொன்று ஆகியும் அமையவில்லை என்பதை ஊரில் யாரும் அவர் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. அந்த மரியாதைதான் அவரை அதிகம் குத்தியது.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் கௌசிக், திருச்செங்கோடு சாலையில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். பெண்ணைப் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. அவனுடைய அத்தை வள்ளியாத்தாள்தான் ஒரு நிபந்தனை போட்டாள். ஜெராக்ஸ் ஜாதகம் வேண்டாம், எங்கள் கண்முன்னால் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துக் கொடுங்கள் என்று. கௌசிக்கின் அண்ணன் கல்யாணமான எட்டாவது மாதம் விபத்தில் போய்விட்டான். அண்ணியின் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்ததும், அதைத் திருத்தி எழுதிக் கொடுத்திருந்ததும் அதற்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

நித்யஸ்ரீயின் ஜாதகமும் அப்படித் திருத்தப்பட்டதுதான்.

அவள் பிறந்தது 5.38. அந்த நேரத்துக்கு லக்னத்திலிருந்து நாலாம் வீட்டில் செவ்வாய் உட்கார்ந்திருந்தது. பதினான்கு நிமிடம் தள்ளிப் போட்டால் லக்னம் அடுத்த ராசிக்கு நகர்ந்துவிடும், செவ்வாய் மூன்றாம் வீட்டுக்கு வந்துவிடும், தோஷம் இல்லை. அவள் முதல் டிகிரி முடித்த வருடம் அப்பாவே உட்கார்ந்து 5.52 என்று போட்டு எடுத்தார். "சுத்த ஜாதகம்" என்று தலைப்பில் எழுதினார். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான். படிப்பெல்லாம் முடிந்து மையத்தில் வேலைக்கு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அது தெரியவந்தது.

போன வாரம் மையத்துக்குப் புது மென்பொருள் போட்டார்கள். பழையதை நீக்கியும் ஆயிற்று. ஆனால் நீக்கப்பட்ட பழசு எங்கேயோ ஒளிந்திருந்து அந்த 5.38-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

மென்பொருள் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "அன்இன்ஸ்டால் பண்ணினாலும் பழைய டேட்டா போல்டர் போகாதுங்க மேடம். அது மறைஞ்சிருக்கும். புதுசைத் திறக்கறப்பெல்லாம் அது பழசைத் தேடிப் போய்ப் படிச்சுக்கும். அந்த போல்டரை அழிங்க, ரெஜிஸ்ட்ரியில பழைய பேர்ல இருக்கறதையும் அழிங்க. அப்புறம் சுவடே இருக்காது."

மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். மங்கலான நிறத்தில் அந்த போல்டர் தெரிந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான ஜாதகங்கள், பொருத்தம் பார்த்த அறிக்கைகள். வேண்டியதையெல்லாம் போன வாரமே புதியதில் ஏற்றியாயிற்று. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்திருக்கலாம். தன் பெயரில் எத்தனை இருக்கிறது என்று பார்க்கும் ஆசை ஒன்று வந்தது. தேடினாள்.

பதினேழு பொருத்த அறிக்கைகள் இருந்தன. பதினாறில் 5.52. ஒன்றில் மட்டும் 5.38.

நித்யஸ்ரீ – தீனதயாளன். ஏழு வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதத்துத் தேதி. பத்துக்கு ஒன்பது பொருத்தம். கீழே ஒரு வரி: இருவருக்கும் செவ்வாய் தோஷம் உள்ளதால் தோஷ சாம்யம் உண்டு, திருமணம் செய்யலாம்.

அவள் அந்த வரியை எத்தனை முறை படித்தாள் என்று தெரியவில்லை.

தீனதயாளன் சேலத்தில் அவளோடு எம்.சி.ஏ. படித்தவன். ஃபேர்லேண்ட்ஸில் வீடு. இருவரும் ஊர் சுற்றியதில்லை, கடிதம் எழுதிக்கொண்டதில்லை. கடைசி செமஸ்டரில் நூலக வாசலில் நின்று, "எங்க ஊட்டுல இருந்து முறைப்படி வந்து கேக்கட்டுமாங்க?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் அவர்களுடைய காதல். அவனுடைய அப்பா அம்மா பூ, பழத்தோடு வந்தார்கள். இரண்டு நாள் கழித்து அப்பா, "பொருத்தமே இல்ல சாமி. சுத்த ஜாதகத்தைத் தோஷ ஜாதகத்தோட சேத்தக் கூடாது," என்றார். நேரம் மாற்றியது அப்போது தெரியாத அவள் நம்பினாள். அப்பா பார்த்துச் சொன்னால் ஊரே நம்பும், அவள் நம்பமாட்டாளா?

"அப்பா."

அவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"அம்மிணி..."

"ஒம்பது பொருத்தம்னு தெரியும். தெரிஞ்சுதான் இல்லைன்னு சொன்னீங்க."

"நான் என்ன பண்ணட்டும்?" அவர் குரல் சின்னதாக இருந்தது. "அதுக்குள்ள சுத்த ஜாதகம்னு அறுபது பேருக்குக் குடுத்துப்போட்டேன். அந்தப் பையன் ஊட்டுல வந்து, எங்க பையனுக்குத் தோஷமுங்க, உங்க பொண்ணு சுத்தமாச்சேன்னு அவங்களே தயங்கினாங்க. என்ற பொண்ணுக்கும் இருக்குதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா எப்படிச் சொல்லுவேன்? பெத்த பொண்ணோட நேரத்தையே மாத்துனவன்னு தெரிஞ்சா நாளைக்கு இந்தப் படியை எவன் ஏறுவான்? இன்னொரு நல்ல எடம் வரும்னு நெனச்சேன் சாமி. வரும்னுதான் நெனச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. தீனதயாளனுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு மொட்டை அடித்த படத்தை யாரோ வகுப்புக் குழுவில் போட்டிருந்தார்கள். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? காட்டி என்ன கேட்பது?

கிரகங்கள் சொல்வது உண்மையென்றால் இன்று வரப்போகிறவனின் உயிரோடு அவள் விளையாடுகிறாள். பொய்யென்றால் தீனதயாளனை எதற்காக இழந்தாள்? எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவளுக்கு இடம் இல்லை.

"மணி ரெண்டரை ஆச்சு," என்றார் அப்பா மெல்ல.

முழு போல்டரையும் தேர்ந்தெடுத்தாள். நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. சரி என்றாள். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போய் முடிந்தது. பிறகு ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பழைய பெயரைத் தேடித் தேடி அழித்தாள். கணினியை அணைத்துப் போட்டுத் தன் பெயரைத் தட்டினாள்.

ஒரே ஒரு நித்யஸ்ரீ வந்தாள். 5.52.

மூன்று மணிக்குக் கௌசிக்கோடு வந்த வள்ளியாத்தாள் திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "தப்பா நெனச்சுக்காத அம்மிணி. ஒருக்கா சூடு பட்டவீங்க நாங்க."

"பரவால்லீங்க," என்று நித்யஸ்ரீ அச்சிட்டுக் கொடுத்தாள்.

வள்ளியாத்தாள் கட்டங்களில் விரல் வைத்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மூணுல செவ்வா. ராசாத்தி! இதுக்கு மேல என்ன வேணும்? காளியாத்தாகிட்டப் பூ கேட்டுப்போட்டு நாள் குறிச்சறலாமுங்க. வெள்ளப்பூ குடுத்தா சம்மதம். அவ குடுத்துருவா."

அப்பா காபி வாங்கப் படியிறங்கினார். வள்ளியாத்தாள் யாருக்கோ போனில் நல்ல சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். கௌசிக் பால்கனியில் இருந்த நித்யஸ்ரீக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் பெயிண்ட் கறை போகாமல் இருந்தது. தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எனக்கு இந்தக் கட்டத்துல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க. அத்தைக்காகத்தான். அண்ணன் போனதுல இருந்து அதுக்குத் தூக்கமே இல்ல."

"நெசமாவே நம்பிக்கை இல்லீங்களா?"

"துளியும் இல்லீங்க. லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டறவனப் பாத்தே சிரிக்கறவன் நான். ரோட்டுல வேகமாப் போனான், அடிபட்டான். அதுக்குச் செவ்வா என்ன பண்ணும்?"

அவன் குரலில் இருந்த எளிமை அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக, இவனோடு வாழ முடியும் என்று தோன்றியது. பொய் இல்லாமல் வாழ முடியும் என்றும் தோன்றியது.

"நான் பொறந்தது 5.38-க்குங்க," என்றாள். "அப்பா மாத்திப் போட்டுட்டாரு. உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல."

கௌசிக் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கோழித் தீவன மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நகர முடியாமல் ஒலி எழுப்பியது. அது நகர்ந்து போனதும் அவள் பக்கம் திரும்பினான்.

"நாலுலயாங்க?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"அண்ணிக்கும் நாலுலதான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னான். கோபம் இல்லை. சற்று முன் சிரித்த முகத்தில் இப்போது ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு அவனே வெட்கப்படுவது போலவும் இருந்தது. இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். தள்ளி நின்றது அவனுக்கே தெரிந்திருக்காது.

"அத்தைகிட்ட நான் சொல்லமாட்டேனுங்க," என்றான் போகும்போது. "நீங்க நல்லவீங்க."

மறுநாள் சாயங்காலம் வள்ளியாத்தாள் போன் செய்தாள். அழுதிருப்பாள் போலிருந்தது. "ஏனுங்க, அம்மன் செவப்புப்பூ குடுத்துட்டாளுங்க. கௌசிக் போய்த்தான் கேட்டுட்டு வந்தான். எனக்கு மனசே ஆறல. அம்மிணி ஜாதகத்துல ஒரு கொறையும் இல்லீங்க, அத நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

போனை வைத்துவிட்டு அப்பா மேசையில் கிடந்த பதிவேட்டை அருகில் இழுத்துக்கொண்டார். கௌசிக் கோயிலுக்குப் போனானா, பூ கேட்டானா என்று நித்யஸ்ரீ யோசிக்கவில்லை. எந்தப் பூ வந்திருந்தாலும் சிவப்பென்றுதான் சொல்லியிருப்பான்.

"பூதான் சாமி, ஜாதகம் இல்ல," என்றார் அப்பா. அவர் குரலில் ஆறுதல் இருந்தது. "நம்மமேல ஒரு சொல் வரல. அந்தம்மாளே நமக்குச் சாட்சி சொல்லும்."

நித்யஸ்ரீ வாயைத் திறந்தாள். நான் சொல்லிவிட்டேன் அப்பா என்பதைச் சொல்ல வந்தவள், அவர் நரைத்த தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சொன்னால் அவர் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் இனி அவளுக்கு 5.52 மட்டும்தான். இனி ஒவ்வொரு வீட்டுக்கும் அதைக் கொடுக்க வேண்டும், நல்லவனாக ஒருவன் பக்கத்தில் வந்து நின்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பாலசுந்தரம் பதிவேட்டைப் புரட்டி, ராசிபுரத்து எண் ஒன்றைக் கண்டுபிடித்து அழுத்தினார்.

"வணக்கமுங்க. மையத்துல இருந்து பேசறேனுங்க. என்ற பொண்ணு விசயமாத்தான்," என்றவர் அவளைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "ஆமாங்க. சுத்த ஜாதகமுங்க."

அவள் எழுந்து போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.