இருபதாயிரம் பேர் ஏறிய விமானம்

வத்சலாவின் மகன் ஹரிஷங்கருக்கு விமானி வேலை கிடைத்தது தில்லி துவாரகாவில் அவர்கள் சொசைட்டியின் நான்கு பிளாக்குக்கும் தெரியும். ஓட்டப்போவது சரக்கு விமானம், அதில் ஒரு பயணிகூட ஏற மாட்டார் என்பது மட்டும் தெரியாது. அந்தத் தகவலை வத்சலா ஆறு மாதமாக அமுக்கி வைத்திருந்தாள்.

முதல் பயணத்துக்கு முந்தின நாள், லிஃப்டில், அதே பிளாக் உமாமகேஸ்வரி மாமி ஹரிஷங்கரிடம் கேட்டுவிட்டாள்: "மெட்ராஸ் பிளைட்ல எத்தனை சீட்டுடா?"

"ரெண்டு, மாமி. கேப்டனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. மத்ததெல்லாம் சாமான்தான்."

வத்சலா தரையைப் பார்த்தாள். மாமிக்கோ முகம் மலர்ந்தது. "அச்சா, பிளைட் முழுக்க இடமா?"

ஊருக்குப் போகிறவரிடம் 'சின்ன பாக்கெட்தான்' என்று நான்கு கிலோவை நீட்டுவது தில்லித் தமிழர் வழக்கம். பதினைந்து கிலோதான் அனுமதி என்று சொல்லி மற்றவர்கள் தப்பித்துவிடலாம். ஹரிஷங்கரிடம் ஒரு விமானமே இருந்தது.

மாலைக்குள் வீட்டில் சோபா சாமான்களுக்கு அடியில் மறைந்துபோனது. மாமி கரோல் பாக்கில் வாங்கிய இரண்டு ரஜாய்களை, கனத்த பஞ்சுப் போர்வைகளை, இடுப்பில் இடுக்கிக் கொண்டுவந்தாள். ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஜோதிலிங்கம், தாம்பரத்திலிருக்கும் மகளுக்கு ஏர்கூலர் கொண்டுவந்தார், கவரிங் லெட்டரோடு.

ஹரிஷங்கர் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துப்போனான். "கணக்குல இல்லாத சாமான் ஒண்ணு ஏறினாலும் நாளைக்கே என் வேலை போயிடும்மா."

"முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதேடா. அப்புறம் நான் லிஃப்ட்ல எப்படிப் போறது?"

அவன் ஹாலுக்கு வந்தான். மறுநாள் லோடு உண்மையில் கார் உதிரிபாகங்கள். இருந்தாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னான்:

"தாராளமா வைங்கோ. நாளைக்கு லோடு கோழிக்குஞ்சு. இருபதாயிரம். பொறந்து ஒரு நாள்தான் ஆறது, அடக்கிக்கத் தெரியாது."

மாமி ரஜாயைத் தொட்டாள். "இது மேலேயா?"

"பக்கத்துலதான் வைப்பா. காத்து வேணுமே, பெட்டியெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கும்."

ரஜாய்கள் மாமியின் இடுப்புக்குத் திரும்பின. ஜோதிலிங்கம் மட்டும் அசையவில்லை. "கூலருக்கு ஒண்ணும் ஆகாது, தம்பி."

"ஆகாது, அங்கிள். தண்ணித் தொட்டி இருக்கிறதால குஞ்சுகளுக்குத்தான் ரொம்ப சௌகரியம்."

ஜோதிலிங்கம் கவரிங் லெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, வத்சலா அவனது விமானப் பையைத் திறந்தாள். அவன் சீருடைச் சட்டைக்குள் தானே சுற்றி வைத்திருந்த கேரட் அல்வா டப்பாவை எடுத்தாள். மயிலாப்பூரிலிருக்கும் தன் தங்கைக்கானது.

ஹரிஷங்கர் பையைப் பிடுங்கி உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று துழாவினான். "எப்பம்மா வெச்சே இதை?"

"மத்தியானமே. கோழியோட இதை எப்படி அனுப்பறது?" என்றபடி டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

உடனே மயிலாப்பூருக்குப் போன் போட்டாள்.

"அல்வாவுக்கு இடமில்லைடி. முதல் பிளைட்டே ஃபுல். இருபதாயிரம் பேர்."