மேசைக்கடியில் ஓர் உதை

எங்கள் கால்பந்துக் கிளப்பில் நான் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. உண்மையான வேலை, கோச்சை உதைப்பது. செய்தியாளர் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பேச்சு எல்லை மீறினால் மேசைக்கடியில் ஓர் உதை விடுவேன். அவர் உடனே நிறுத்திவிட வேண்டும். இது எங்களுக்குள் ஒப்பந்தம். மேசை விரிப்பு தரைவரை தொங்குவதால் வெளியே தெரியாது. ஆனால் அந்த மனுஷனின் வாய்க்கு முன்னால் என் கால் எம்மாத்திரம்!

சரவெடி என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்பதே கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். நானோ வீட்டில் மாமியாரிடம் “சரிங்க அத்தை”, ஆபீசில் “சரிங்க சார்” என்றே காலம் தள்ளுகிறவள்.

போன வாரம் தோற்றதும் கூட்டத்தில் சொன்னார்: “பசங்க மேல தப்பில்ல. பயிற்சி மைதானத்துக்குப் புல்லு போடுங்கன்னு முதலாளிகிட்ட ஒரு வருஷமா கேக்குறேன். குழியில கால விட்டு கோல்கீப்பர் படுத்துட்டான். முதலாளி அவரு உக்காந்து பாக்குற ரூமுக்குப் புது சோபா வாங்கியிருக்காரு. சோபாவுல உக்காந்தே கோல் போட முடியும்னா அவரையே இறக்கியிருப்பேன்.”

நான் உதைக்கவில்லை. சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேள், இல்லை மூட்டையைக் கட்டு என்றார். கோச் மூட்டையைத்தான் கட்டுவார் என்று நினைத்தேன்.

“பசங்களைப் பாதியில விட்டுட்டுப் போக முடியாதும்மா. எழுதிக் குடு, படிக்கிறேன்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கடைசியில் முதலாளி தன் கையால் ஒரு வரி சேர்த்தார்.

இன்று கூட்டம். இடப்பக்கம் கோச், வலப்பக்கம் முதலாளி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படி நடுவில் நான்.

“என் சொற்கள் யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால்...” பாடம் ஒப்பிக்கும் பிள்ளை போலப் படித்தார். எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. அடுத்து முதலாளியின் வரி. “நம் பயிற்சி மைதானம் மிக நல்ல...”

என் கால் என்னைக் கேட்காமலே உதைத்துவிட்டது. கோச் பட்டென்று நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

“மைதானம் எப்படித்தான் இருக்கு?” என்று ஒரு செய்தியாளர் கேட்டார்.

முதலாளி மைக்கை என் பக்கம் தள்ளினார். இத்தனை வருடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள் அல்லவா! “நீ சொல்லும்மா.”

“குண்டும் குழியுமா இருக்கு சார்” என்றேன். “சோபாதான் நல்லா இருக்கு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. கோச்சின் வேலையோடு என் வேலையும் போயிற்று. அதே நேரம் மேசைக்கடியில் என் காலில் ஓர் உதை விழுந்தது. கோச்தான்!

முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வாங்கய்யா, இப்பவே காட்டுறேன்!” என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். “எங்கய்யா குழி? எங்க?” என்று கையை வீசிக் கேட்டபடியே பளபளக்கும் ஷூவோடு ஒன்றில் இறங்கினார். “ஐயோ அம்மா!” என்று காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரே சிரிப்பு. கேமராக்கள் ஓடின. நானும்தான் சிரித்தேன். சரவெடி என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

அவர் சிரிக்கவில்லை. ஓடிப்போய் கேமராக்களுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்றார்.

“யாரும் படம் எடுக்கக் கூடாது. இந்த மைதானத்துல அடிபட்டவன் எவனா இருந்தாலும் என் ஆளு.” பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். “ரொம்ப வலிக்குதா சார்? மெதுவா.”

முதலாளி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச தூரம் நொண்டி நடந்தார். பிறகு கேட்டார்: “புல்லுக்கு யார்கிட்டய்யா சொல்லணும்?”