எதிர்ப்பக்கம் பறித்தவள்

"தலையை இப்படிக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிம்மா," என்றாள் சவரக் கத்தியோடு இருந்த பெண். அழுதுகொண்டே ஓடிவந்த தங்கை, பையைப் போட்டுவிட்டு அண்ணனின் தலையைப் பிடித்தாள். பாதித் தாடையில் நுரை இருந்தது. அழ அது நேரமில்லை.

அண்ணனின் உடலை வீட்டுக்கு எடுத்துப்போக அவள் வண்டியோடு வந்திருந்தாள். கல்யாணம் செய்யாத மனுஷன், தங்கையை விட்டால் நாதியில்லை என்பது வீட்டார் கணக்கு. இங்கே திராட்சைக் கொட்டகை கொள்ளாமல் நாற்பது பேர் நின்றார்கள். கனிந்த பழம் வெயிலில் தொங்க, ஒருவரும் தோட்டத்துக்குப் போகவில்லை.

"நீங்க யாரு?" என்று தங்கை அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"அவருக்கு எதிர்ப்பக்கம் பறிக்கிறவ."

தோட்டத்து மேஸ்திரி விளக்கினார். "கொடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். நடுவுல இலை மறைக்கும். வெட்டுறதுக்கு முன்னாடி 'கை'ன்னு சொல்லணும். 'எடுத்தாச்சு'ன்னு பதில் வந்தாத்தான் கத்தரி வைக்கணும்."

"முதல் சீசன்ல சொல்லாம வெட்டிட்டாரு." அவள் சுண்டுவிரல் தழும்பைக் காட்டினாள். "என்னைவிட அவருதான் அழுதாரு. மூணு நாள் சோறு ஊட்டினாரு. சுண்டுவிரலுக்கு எதுக்கு ஊட்டணும்னு நானும் கேக்கலை."

யாரோ சிரித்தார்கள். தங்கைக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டில் அண்ணன் வாய் திறப்பதே அபூர்வம். அவர் அழுவார், ஊட்டிவிடுவார் என்பதெல்லாம் அவளுக்குப் புதுச் செய்தி.

"நேத்து 'கை'ன்னேன். பதில் வரலை. விளையாடுறாருன்னு இன்னொரு தடவை சொன்னேன்." அவள் கத்தியை அலசி வைத்தாள்.

மேஸ்திரி படிவத்தைத் தங்கையிடம் நீட்டினார். "வீட்டுக்கா, இங்கேயே அடக்கமா, நீதான்மா சொல்லணும். கூடப் பொறந்தவ."

அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. அண்ணனின் முகத்தைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க," என்றாள் தங்கை.

படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினாள். மேஸ்திரி பார்த்தார், பிறகு பேனா மூடியைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"அண்ணி, நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவள் விரல்களைச் சட்டையில் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.